கார் ஏசியில் ஐஸ் கட்டினால் ‘கேஸ்’ மட்டும்தான் காரணமா?

சென்னையில் கிளம்பும்போது ஜில்லென்று இருந்த கார் ஏசி, விழுப்புரத்தை நெருங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் குறைத்துக்கொள்ளும். புளோயரை நான்காம் எண்ணுக்குத் தள்ளினால் இரைச்சல் கூடுமே தவிர, முகத்தில் காற்று படாது. டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால், ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்யும். நிறுத்திய இடத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் வடிந்திருக்கும். இவ்வளவும் சேர்ந்து வந்தால், உள்ளே ஐஸ் கட்டுகிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதை ஏசி மெக்கானிக்கிடம் பாதி சொல்வதற்குள் பதில் வந்துவிடும்: “கேஸ் கம்மியா இருக்கும் சார், போட்டுருவோம்.” கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய, அதைவிட மலிவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் கேஸ் போட்டால் பணம் போகும். சில சமயம் கம்ப்ரஸரும் சேர்ந்து போகும்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது கூலிங் காயில். கேஸ் அதற்குள் திரவமாக நுழைந்து, கொதித்து ஆவியாகும்போது, காயிலைக் கடந்து வரும் காற்றின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். திறந்த வெளியில் இது மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். காயிலுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 28 பிஎஸ்ஐ இருந்தால் அதன் கொதிநிலை 0 டிகிரி. அழுத்தம் அதற்கும் கீழே இறங்கினால் காயில் உறைநிலையைத் தாண்டிக் குளிரும். காற்றில் உள்ள ஈரம் காயிலில் நீராகப் படிந்து குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். உறைநிலைக்குக் கீழே போன காயிலில் அது சொட்டாமல் அப்படியே ஐஸாகிறது, பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் கட்டுவதுபோல. ஐஸ் அடைத்ததும் காற்று போக வழியில்லை. காற்று குறையக் குறைய காயிலுக்கு வெப்பம் கிடைக்காது. ஐஸ் இன்னும் தடிக்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது காற்றின் வழியை. பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஏசி ஃபில்டர் இருக்கிறது. விலை சில நூறு ரூபாய். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தூசி, முடி, காய்ந்த இலை என்று அடைத்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. சில பழைய, விலை குறைந்த மாடல்களில் ஃபில்டரே கிடையாது; தூசி நேராகக் காயிலில் படியும், காயிலைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். பழக்கமும் ஒரு காரணம். மழைக்கால இரவில் புளோயரை ஒன்றில் வைத்து, குளிரைக் கடைசிவரை திருப்பிவிட்டு நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டினால், பழுதுள்ள சென்சரின் குட்டு அப்போதுதான் வெளிப்படும்.

அந்த சென்சர்தான் அடுத்தது. காயிலின் குளிர் உறைநிலையை நெருங்கும்போது கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வது இதன் வேலை. பழுதானாலோ, இடம் நழுவினாலோ கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கம்ப்ரஸரின் ரிலே ஒட்டிக்கொண்டாலும் இதே கதை. பழைய வகைக் கார்களில் ‘டக்’ என்று கம்ப்ரஸர் விட்டுவிட்டுப் பிடிக்கும் ஒலி கேட்கும். நெடுந்தூரம் அந்த ஒலியே இல்லையென்றால் சந்தேகம் இங்கே விழ வேண்டும். புதிய வகைக் கம்ப்ரஸர்களில் இந்த ஒலி இருக்காது. ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க முடியும்.

இப்போது கேஸுக்கு வருவோம். ஏசி மூடிய சுற்று. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. பல ஆண்டுகளில் ஹோஸ், சீல் வழியாகக் கொஞ்சம் கசியலாம். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் போட வேண்டியிருந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்றே பொருள். அதை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் போடுவதற்கு ‘சர்வீஸ்’ என்று பெயர் வைத்திருப்பது நம் ஊர் வேடிக்கை. கம்ப்ரஸருக்கான ஆயில் கேஸோடுதான் சுற்றுகிறது. கேஸ் குறைந்தால் ஆயில் திரும்பி வராது, கம்ப்ரஸர் ஜாம் ஆகலாம்.

தோராயமாக இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் நல்ல குளிர், பிறகு காற்றே குறைந்தால் ஃபில்டர், புளோயர், சென்சர் பக்கம் பாருங்கள். ஆரம்பத்திலிருந்தே குளிர் மந்தமாக இருந்து, காயிலில் ஒரு பகுதி மட்டும் ஐஸ் பிடித்தால் கேஸ் குறைவாக இருக்கலாம். காற்று முழு வேகத்தில் வந்தும் திடீரென்று குளிர் நின்று, சற்று நேரத்தில் தானே திரும்பினால், சுற்றுக்குள் புகுந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையில் உறைகிறது என்று சந்தேகிக்கலாம். வேக்கம் போடாமல் கேஸ் நிரப்பியதன் பலனாகவும் இது வரும்.

முறையாகச் செய்பவர் மீதி கேஸை மெஷினில் வாங்கி எடை பார்ப்பார். நைட்ரஜன் அடித்து லீக் தேடுவார். அடைத்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் போட்டு, அழுத்தம் ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் எடை போட்டு நிரப்புவார். எவ்வளவு, எந்தக் கேஸ் என்பது பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் அச்சாகியிருக்கும். “மொத்தம் எத்தனை கிராம் போனது?” என்று கேளுங்கள். பதில் வராத கடையில் அளவும் தெரியாது, வகையும் தெரியாது. மலிவுக்காகத் தீப்பற்றும் ஹைட்ரோகார்பன் கலவையை நிரப்பினால், காயில் கசியும்போது அது வண்டிக்குள் வரும். புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் இருந்தால் அதில் ஆர்-134ஏ கலக்கவே கூடாது.

வழியில் ஐஸ் கட்டினால் ஏசி பொத்தானை மட்டும் அணைத்து, புளோயரை முழு வேகத்தில் விட்டு, வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் உருகிவிடும். மலைப்பாதையில், மழையில் இது நேர்ந்தால் முன்கண்ணாடி பனிமூட்டமாகும். துடைத்துக்கொண்டே ஓட்டாமல் ஓரமாக நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே தூங்க வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. தூங்குபவரை அது எழுப்பாது.

ஏமாற்றப்பட்டால் என்ன வழி? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாதது சேவைக் குறைபாடு. பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. அதனால் வேலைக்கு முன் எஸ்டிமேட்டும் ஜாப் கார்டும் வாங்குங்கள். பில்லில் கேஸின் வகை, கிராம், மாற்றிய பாகம், வாரண்டிக் காலம் எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கார் வாரண்டிக்குள் இருந்தால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவதே நல்லது. வெளியே ஃபில்டர் மாற்றியதற்காக மொத்த வாரண்டியும் போய்விட்டது என்றால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

சரிசெய்யாமல் இழுத்தடித்தால், முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள்: வேறு கடையில் பழுதைச் சரிசெய்யும் முன், மீதமிருந்த கேஸின் எடையையும் கசிவு இருந்த இடத்தையும் அந்தக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சரிசெய்த பிறகு முதல் கடையின் குறையை ஆணையத்தில் நிரூபிப்பது கடினம்.