ஆட்டம் காணும் மாலைக்கு ஏற்ற சைவச் சிற்றுண்டிகள்

இருபது ஓவர் கிரிக்கெட், இன்று நம் நாட்டில் ஒரு குடும்ப விழாவாகவே மாறிவிட்டது. ஐ.பி.எல். ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 7.30 மணிக்குத் தொடங்கி 11 மணி வரை நீள்கின்றன. உறவினரும் அண்டை வீட்டாரும் தொலைக்காட்சியின் முன் கூடுகின்றனர். கண்கள் திரையில் இருக்க, கை தானாகவே தட்டுக்குச் சென்று வருகிறது. எவ்வளவு உண்டோம் என்பது ஆட்டம் முடிந்த பின்னரே தெரிகிறது.

பஜ்ஜி, சமோசா, சிப்ஸ், குளிர்பானம் என்பதே வழக்கமான ஏற்பாடு. இதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது உடல்நலம் சார்ந்தது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்போ 9 கலோரி தருகிறது. 300 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கக்கூடும். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ள பெரியவர்கள், எல்லோரும் உண்பதைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கியிருக்க நேரிடுகிறது. இரண்டாவது குறை, பஜ்ஜியைச் சூடாகப் பரிமாற ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருப்பது. வீட்டில் உள்ள அனைவருக்கும் பிடித்த ஆட்டத்தை அவர் மட்டும் காண்பதில்லை.

முன்கூட்டியே செய்து வைக்கக்கூடிய, எண்ணெய் குறைந்த பண்டங்கள் இவ்விரண்டு குறைகளையும் நீக்கும். பத்துப் பேர் கூடும் மாலைக்கான ஒரு திட்டம் இதோ.

தொடக்கத்தில் மக்கானா

அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நீர்த்தாவரத்தின் பொரித்த விதையே மக்கானா. பீகாரின் மிதிலைப் பகுதி மக்கானா, 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. 100 கிராம் மக்கானாவை இரண்டு தேக்கரண்டி நெய்யில், சிறு தீயில், மொறுமொறுப்பாகும் வரை பத்து நிமிடம் வறுத்து, மிளகுத்தூளும் சிறிது உப்பும் தூவ வேண்டும். ஆறிய பின் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் மறுநாளும் மொறுமொறுப்பு குறையாது.

வயிறு நிறையச் சுண்டல்

உலர்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உள்ளது, நார்ச்சத்தும் மிகுதி. அரைக் கிலோ கடலையை முதல்நாள் இரவே ஊற வைத்து வேகவைத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கிடைக்கும். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி தாளித்து, மாங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் குறைந்த உப்பே போதும்.

இடைவேளையில் டோக்ளா

முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் வரும் இடைவேளையே இரவு உணவுக்கு உகந்த நேரம். பின்னிரவு வரை தள்ளிப்போடாமல் அப்போதே உண்பது நல்லது. குஜராத்தின் டோக்ளா ஆவியில் வேகும் பண்டம். முன்பே செய்து, பரிமாறும்போது தாளித்துக் கொட்டினால் போதும். உடனடி முறையில் சேர்க்கும் சமையல் சோடாவிலும் சோடியம் இருப்பதால் மாவில் உப்பைக் குறைக்க வேண்டும். அரிசியும் கடலைப்பருப்பும் ஊறவைத்து அரைத்து, புளிக்கவைத்துச் செய்தால் சோடா தேவையில்லை. உடன் புதினாச் சட்னியும், வெள்ளரி, கேரட் துண்டுகளும் வைக்கலாம்.

பருகுவதற்கு நீர்மோர்

அரை லிட்டர் தயிருடன் ஒன்றரை லிட்டர் நீர் சேர்த்துக் கடைந்தால், பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஒரு குவளை கிடைக்கும். இஞ்சி, கொத்தமல்லி, பெருங்காயம் சேர்த்துக் குளிரவைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

கடையில் வாங்கும் பொட்டலங்களில் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் கொண்ட சைவக் குறியீடு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். வெங்காயம், பூண்டு தவிர்ப்போர் வருவார்களா, எவருக்கேனும் வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்பதை அழைக்கும்போதே கேட்டறிவது நன்று. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைக்கக்கூடும். நன்கு மசித்துத் தரலாம்.

பொதுத் தட்டில் குவிக்காமல் ஒவ்வொருவருக்கும் சிறு கிண்ணத்தில் வழங்கினால், உண்ணும் அளவு கண்ணுக்குத் தெரியும், வீணாவதும் குறையும். சுண்டல், சட்னி, மோர் ஆகியவற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

இவற்றை எல்லாம் மாலை ஏழு மணிக்குள் முடித்துவிடலாம். கடலை ஊற வைப்பது ஒருவர், மக்கானா வறுப்பது ஒருவர், மோர் கடைவது ஒருவர் எனப் பணியைப் பகிர்ந்துகொண்டால், முதல் பந்து வீசப்படும்போது சமையலறையில் எவரும் இருக்கத் தேவையில்லை.