பனை எப்படிப் 'பனங்காய்' ஆனது?



புணர்ச்சி விதி என்றாலே நம் வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். தோன்றல், திரிதல், கெடுதல் என்று கரும்பலகையில் எழுதியதும் மணி எப்போ அடிக்கும் என்று காது வாசலுக்குப் போய்விடும். ஆனால் எங்க ஆயா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர், கைநாட்டுதான். அவர் ஒரு நாளும் 'பனைகிழங்கு' என்று சொன்னதில்லை. 'பனங்கெழங்கு' என்றுதான் சொல்வார். பனையின் கடைசியில் இருந்த 'ஐ' எங்கே போனது? நடுவில் 'ங்' எங்கிருந்து வந்தது? ஆயாவுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நடப்பது இதுதான். பனை என்ற சொல்லில் 'ஐ' கெடுகிறது. அந்த இடத்தில் 'அம்' என்ற சாரியை வந்து உட்காருகிறது. அந்த 'ம்' சும்மா இருக்காது. அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து மாறிக்கொள்ளும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் (பக்கத்தில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்): பனங்கிழங்கு, பனஞ்சட்டம், பனந்தோப்பு, பனம்பழம். 'க' தொண்டைப் பக்கம் பிறக்கிறது, அதனால் அதற்கு முன்னால் அங்கேயே பிறக்கும் 'ங்' வருகிறது. 'ச' வருமுன் 'ஞ்', 'த' வருமுன் 'ந்'. 'ப' சொல்ல உதடு மூட வேண்டும், அதனால் 'ம்' அப்படியே நிற்கிறது. அடுத்த எழுத்துக்கு நாக்கும் உதடும் முன்கூட்டியே தயாராகிவிடுகின்றன. அவ்வளவுதான் விஷயம். ஆயாவுக்குச் சொல்லிக் கொடுத்தது அவர் வாய்தான், அப்புறம் அவங்க அம்மாவின் வாய்.

சரி, அப்படியென்றால் வாழைக்காயை ஏன் 'வாழங்காய்' என்பதில்லை, அதுவும் 'ஐ'யில்தானே முடிகிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தொல்காப்பியர் எல்லா மரத்துக்கும் இதைச் சொல்லவில்லை. எழுத்ததிகாரத்தின் ஏழாவது இயலான உயிர் மயங்கியலில் பனை, அரை, ஆவிரை என்று மூன்றின் பெயரைச் சொல்லித் தனியாக வைத்திருக்கிறார். அதே பனையோடு 'கொடி' சேர்ந்தால் 'ஐ' கெடாது, பனைக்கொடி என்றே வரும் என்றும் எழுதியிருக்கிறார். ஒரு மரத்துக்கு இவ்வளவு கவனம்!

புளியில் இன்னும் வேடிக்கை. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள், அதனால் நமக்கு இது சொந்த விஷயம். புளியங்கொட்டை, புளியம்பழம், புளியந்தோப்பு என்கிறோம். ஆனால் யார் வீட்டிலாவது 'புளியங்குழம்பு' வைக்கிறார்களா? புளிக்குழம்புதான். மரம் என்றால் 'அம்' வரும், சுவை என்றால் வராது. இந்த வேறுபாட்டையும் தொல்காப்பியர் அதே இயலில் பிரித்துக் காட்டியிருக்கிறார். நம் வீட்டு அடுப்படியில் அது இன்னும் மாறவில்லை.

தேங்காயையும் பாருங்கள். தென்னை + காய் என்று சேர்த்தால் தேங்காய் வராது. அது தெங்கு + காய். 'தெ' நீண்டு 'தே' ஆகிறது, 'கு' கெடுகிறது என்று நன்னூலில் பவணந்தி முனிவர் விதி சொல்கிறார். இன்றைக்கு நம் ஊரில் மரத்தைத் தெங்கு என்று யாரும் சொல்வதில்லை. சொல் போய்விட்டது, ஆனால் காய்க்குள் ஒளிந்திருக்கிறது.

இது தமிழில் மட்டும் நடப்பதில்லை. உலகப் படத்தில் வடக்கே, பனிக்கடல் ஓரத்தில் ஐஸ்லாந்து என்ற தீவு இருக்கிறது. அவர்கள் மொழியில் நாட்டுக்கு 'லான்ட்' என்று பெயர். பல நாடுகள் என்றால் உதட்டைக் குவித்துக்கொண்டு 'லென்ட்' என்பதுபோல் சொல்ல வேண்டும். ஏன் குவிக்க வேண்டும்? ரொம்பக் காலத்துக்கு முன் அந்தச் சொல்லின் கடைசியில் ஓர் 'உ' இருந்தது. 'உ' வரப்போகிறது என்று உதடு முன்னாலேயே குவிந்தது. பிறகு 'உ' காணாமல் போனது, குவிந்த உதடு மட்டும் மிச்சம். 12ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்க்காரர் ஒருவர் தம் மொழியின் ஒலிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஓர் ஒலி மாறினால் பொருளே மாறும் சொற்களை ஜோடி ஜோடியாக அதில் வைத்துக் காட்டியிருக்கிறார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் மாவட்டத்திலேயே எண்ணாயிரம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரே ஒரு புணர்ச்சிதான்: எட்டு + ஆயிரம். எட்டு 'எண்' என்று திரிந்து, 'ண்' இரட்டித்தது. முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் (1012-1044) அங்கே 340 மாணவர்கள் படித்த கல்லூரி இருந்ததாகக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அதில் 40 பேர் படித்தது ரூபாவதாரம், அதாவது சொல் எப்படி எப்படி உருவம் எடுக்கிறது என்று சொல்லும் வடமொழி இலக்கண நூல். இன்னும் 25 பேர் வியாகரணம் படித்தார்கள். இலக்கணம் படித்தால் தினமும் நெல் அளந்து கொடுத்திருக்கிறார்கள்! ஆனால் அது வேதம் படிக்கும் பிரம்மச்சாரிகளுக்கான இடம். என்னை மாதிரிப் பெண் பிள்ளைகளோ, பனங்கிழங்கு அவித்து விற்ற ஆயாக்களோ அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர்கள் பேசிய பேச்சில் இருந்த விதிக்கு யாரும் நெல் அளக்கவில்லை. நம்மிலேயே சிலர் ஊர்ப்பேச்சு என்றால் இலக்கணம் இல்லாத பேச்சு என்று நினைக்கிறோம். 'பனங்கெழங்கு' என்பதில் 'கி' 'கெ' ஆனது உண்மைதான், ஆனால் 'ங்' இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருக்கிறது.

கடைப் பலகைகளில்தான் இப்போது ஒற்று காணாமல் போகிறது. 'கீரை கடை' என்று எழுதினால் மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்வதுபோல் இருக்கிறது. கீரை விற்கும் இடம் என்றால் கீரைக் கடை. வாயால் சொல்லும்போது எல்லாரும் அந்தக் 'க்'கைச் சொல்கிறோம், எழுதும்போதுதான் விட்டுவிடுகிறோம்.

உங்களுக்கு ஒரு கேள்வி. எலுமிச்சை + பழம் = எலுமிச்சம்பழம். கொய்யா + பழம் = கொய்யாப்பழம். இதேபோல் 'ம்' வரும் பழம் ஐந்து, 'ப்' வரும் பழம் ஐந்து கண்டுபிடியுங்கள். புத்தகம் பார்க்கக் கூடாது, வீட்டில் ஆயாவிடம், தாத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் இந்தத் தாளின் கீழே ஒட்டலாம்.

– 9ஆம் வகுப்பு மாணவி, பிரம்மதேசம்