பிள்ளைகளும் ஒப்புரவும்

கிறித்தவ இல்லங்களிற் பெற்றோரைத் திகைக்கச் செய்யும் வினா ஒன்றுண்டு: "இயேசு ஏன் சாகவேண்டும்?" "உன் குற்றத்திற்குரிய தண்டனையை அவர் ஏற்றார்" என மட்டும் விடையிறுப்பின், குழந்தை கடவுளைச் சினங்கொண்ட நீதிபதியாகவே கண்டு அஞ்சும். அஞ்சிய பிள்ளை திருந்துவதினும் குற்றத்தை மறைக்கவே விரைவிற் கற்றுக்கொள்ளும்.

பிரிந்தோரை மீண்டும் சேர்த்தலே ஒப்புரவு. கிறித்துவின் வாயிலாக உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கடவுளே எனப் பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் உணர்த்துகின்றது. ஆகவே, சினமுடைய தந்தை, அன்புடைய மைந்தன் எனப் பிரித்துக் காட்டுதல் பொருந்தாது.

இதனை இளம் உள்ளத்திற் பதிக்க, லூக்கா 19ஆம் அதிகாரத்திலுள்ள சகேயுவின் வரலாறு ஏற்றது. எரிகோவின் ஆயக்காரர் தலைவனான அக்குள்ளன் காட்டத்தி மரத்தில் ஏறியிருந்தான். ஊரார் வெறுத்த அவன் வீட்டிற் தங்க இயேசுவே முன்வந்தார். அதனால் எழுந்த பழியையும் தாமே ஏற்றார். அதன்பின்னரே, வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித்தரச் சகேயு இசைந்தான். அன்பு முந்தியது, ஈடுசெய்தல் பிந்தியது.

வீட்டிலும் இம்முறையே நன்று. தம்பியின் பட்டத்தை அண்ணன் கிழித்தானாயின், தாய் முதலில் அவனை அருகழைத்து அணைக்கட்டும்; பின்னர்த் தன் ஓய்வை விடுத்து, அவனுடன் அமர்ந்து தம்பிக்குப் புதுப் பட்டம் ஒட்டட்டும். மன்னிப்பவரும் ஒன்றை இழக்கின்றார் என்பதைப் பிள்ளை அன்று காணும். சிலுவையின் பொருளைப் பின்னாளில் உணர அதுவே அடித்தளமாகும்.