நினைவுள்ள தடையும் அடங்காத மின்சுற்றும்

பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டிச் சுருள் ஆகிய மூன்றும் பழகிய பொருள்கள். இவற்றைத் தொடராக இணைத்துச் சீரான மாறுமின்னழுத்தத்தை ஊட்டினால், சிறிது நேரத்தில் சுற்றும் அதே சீரில் அலையத் தொடங்கும். அடுத்து என்ன நிகழும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.

இம்மூன்றோடு இன்னும் ஓர் உறுப்பைச் சேர்த்தால் போதும், இந்த ஒழுங்கு குலைந்துவிடும். திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த கே. முரளி, எம். லட்சுமணன் ஆகியோரும் கலிபோர்னியாவின் லியோன் சுவாவும் 1994-இல் அத்தகைய சுற்றொன்றை வெளியிட்டனர். முரளி–லட்சுமணன்–சுவா சுற்று என்றே உலகம் அதை அழைக்கிறது. ஏறத்தாழ 18 மில்லிஹென்றிச் சுருள், 10 நானோஃபாரட் மின்தேக்கி, 1,340 ஓம் தடை, விநாடிக்கு 9,000 முறைக்குச் சற்றுக் குறைவாக அலையும் மின்மூலம்: ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்கக்கூடியவைதாம்.

நான்காவது உறுப்பு சுவா டயோடு. இதைக் கடையில் வாங்க முடியாது; இரண்டு ஆப்-ஆம்ப்களையும் ஆறு தடைகளையும் கொண்டு நாமே அமைக்க வேண்டும். சாதாரணத் தடை ஆற்றலை விழுங்கும். இதுவோ, தன் மின்கலத்திலிருந்து எடுத்துச் சுற்றுக்கு ஆற்றலைக் கொடுக்கும். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் வரைபடம் வரைந்தால் ஒரே நேர்கோடு வராது. மூன்று துண்டுகளாக முறிந்த கோடு வரும். அந்த முறிவில்தான் விஷயம் இருக்கிறது.

மின்மூலத்தின் வீச்சை மெல்லக் கூட்டிக்கொண்டே ஆசிலாஸ்கோப்பைப் பாருங்கள். முதலில் ஒரு வளையம். பிறகு அது இரட்டித்து, இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை மூடிக்கொள்ளும், அடுத்து நான்கு. அதற்கப்பால் கோடு ஒருபோதும் தன்மேல் வந்து மூடிக்கொள்வதில்லை. இது இரைச்சல் அன்று. ஒவ்வொரு கணமும் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது. ஆயினும் தொடக்கத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் சிறிது நேரத்தில் பாதைகள் எங்கோ பிரிந்துவிடுகின்றன. இதையே கேயாஸ், அதாவது ஒழுங்கின்மை என்கிறோம். 1983-இல் சுவா அமைத்த முதற்சுற்றுக்கு ஆற்றலைச் சேமிக்கும் உறுப்புகள் மூன்று தேவைப்பட்டன. திருச்சிச் சுற்றில் இரண்டே. மூன்றாவதன் வேலையை வெளியிலிருந்து வரும் மாறுமின்னழுத்தம் செய்துவிடுகிறது. இந்தச் சிக்கனமே அதன் சிறப்பு.

இனி மெம்ரிஸ்டர். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்னூட்டம், காந்தப்பாயம் என்ற நான்கு அளவுகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு உறவுகள் வரும். இரண்டு, வரையறையிலேயே அடங்கியவை. மூன்றை மின்தடையும் மின்தேக்கியும் மின்தூண்டியும் தருகின்றன. மின்னூட்டத்துக்கும் காந்தப்பாயத்துக்கும் உள்ள உறவுக்கு மட்டும் உறுப்பில்லையே என்று 1971-இல் கேட்டவரும் இதே சுவாதான். அவர் கற்பனை செய்த உறுப்பின் தடை, அதன் வழியே அதுவரை எவ்வளவு மின்னூட்டம் சென்றது என்பதைப் பொறுத்தது. மெமரி, ரெசிஸ்டர் என்ற இரு சொற்களின் இணைப்பே அதன் பெயர். டைட்டானியம் டை ஆக்சைடு மென்படலத்தில் அத்தகைய நடத்தையைக் கண்டதாக ஹியூலெட்-பக்கார்டு ஆய்வகத்தார் 2008-இல் அறிவித்தனர்.

நினைவுள்ள தடை அப்படியொன்றும் அரிதானதன்று. எளாவூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் பணிபுரிவோர், மோட்டார்ச் சுருள் மிகையாகச் சூடாவதைக் காட்டிக்கொடுக்கும் தெர்மிஸ்டரை அறிந்திருக்கலாம். அதன் இப்போதைய தடை, இதுவரை அது பெற்ற வெப்பத்தின் கணக்கு. இதையும் மெம்ரிஸ்டர் குடும்பத்தில் ஒன்றாகச் சுவாவும் காங்கும் 1976-இலேயே சேர்த்துவிட்டனர்.

திருச்சிச் சுற்றில் சுவா டயோடை எடுத்துவிட்டு மெம்ரிஸ்டரை வைத்தால்? ஏ. இஷாக் அகமதுவும் லட்சுமணனும் இதைச் செய்து 2013-இல் வெளியிட்டனர். மெம்ரிஸ்டரின் நடத்தையை மின்னணுவியலால் நடித்துக் காட்டினர்: மின்னழுத்தத்தைத் தொகுத்துக்கொண்டே வரும் ஒரு பகுதி, தொகை எல்லையைத் தாண்டினால் உணரும் ஒரு பகுதி, உடனே தடையை மாற்றும் ஒரு விசை. நினைவு புகுந்ததும் சுற்றுக்கு ஒரு மாறி கூடியது. பாதைகள் ஒரு திசையில் மட்டுமன்றி இரு திசைகளில் விலகும் மீ-ஒழுங்கின்மையும் சிறிது நேரம் தோன்றி மறைந்தது.

இதனால் பயன்? மறைசெய்தி என்றே பலரும் முதலில் சொல்வர். ஒழுங்கற்ற இரு சுற்றுகளை ஒன்றாக அலையவைக்கலாம் என்று பெக்கோராவும் கரோலும் 1990-இல் காட்டியபின், குழம்பிய அலைக்குள் செய்தியைப் புதைத்தனுப்பும் ஆசை பிறந்தது. ஆனால் அப்படிப் புதைத்தவற்றுள் பலவற்றைத் தோண்டி எடுத்துவிட்டனர். பூட்டு என்று நம்பிவிட வேண்டாம். எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றுவது கணிப்பு வேலை. முரளி, சுதேஷ்ணா சின்ஹா, வில்லியம் டிட்டோ ஆகியோர் 2003-இல் சுவா சுற்றொன்றை நார் தருக்க வாயிலாக இயக்கினர். இதே வழியில், ஓர் அளவை மாற்றினால் ஒரே சுற்று வேறொரு வாயிலாகவும் மாறலாம். அதற்காகச் சுற்றைப் பிரித்து மீண்டும் கட்ட வேண்டியதில்லை.