மான் குடிலின் சுவர்
விஸ்கான்சின், அமெரிக்கா

நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு துப்பாக்கியால் மான் வேட்டை தொடங்கும். ஒன்பது நாட்கள் நடக்கும். தாத்தா முதல் பேத்தி வரை காட்டோரக் குடிலில் ஒன்றாகத் தங்குவார்கள்.

குடிலின் சுவரில் ஆணியடித்த துணித் துண்டுகளைக் கிட்டே வந்து பாருங்கள். வெண்வால் மானுக்கு வைத்த குறி தப்பினால், சுட்டவரின் சட்டைப் பின்நுனியைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். பக்கத்தில் தொங்கும் கொம்புகளைவிட இவற்றுக்குத்தான் கதை அதிகம். சிரிக்கச் சிரிக்க ஆண்டுதோறும் சொல்லப்படும் கதைகள்.

வேட்டைக்காரர்கள் சிவப்பு உடை அணிய வேண்டும் என்பது 1945இல் சட்டமானது. ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. 1980இல் பளீர் ஆரஞ்சு கட்டாயமானது. மனிதக் கண்ணைப் பறிக்கும் அந்த நிறம் மானுக்கு மங்கலாகவே தெரியும்.