ஒரே பரோட்டா, இரண்டு சர்க்கரை

தூத்துக்குடியில் அண்ணன் தம்பி இருவர் ராத்திரிக் கடையில் ஆளுக்கு மூன்று பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றிச் சாப்பிட்டு எழுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் கையிலும் நாணயம் அளவில் ஒரு சர்க்கரை சென்சார் ஒட்டியிருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து அண்ணனின் செல்போன் 210 என்கிறது, தம்பியுடையது 140. மாவும் எண்ணெயும் ஒன்றுதான், வயிறு வேறு.

காட்சி கற்பனை, விஷயம் கற்பனையல்ல. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 800 பேருக்கு ஒரு வாரம் சென்சார் ஒட்டி, 46,898 வேளைச் சாப்பாட்டைக் கணக்கெடுத்து 2015-ல் வெளியிட்டது. ஒருவருக்கு பிஸ்கட் சர்க்கரையை ஏற்றியது, வாழைப்பழம் ஏற்றவில்லை. இன்னொருவருக்கு நேர்மாறு.

அப்படியானால் மரபணுவைப் பார்த்தே சாப்பாட்டுப் பட்டியல் போட்டுவிடலாமே? எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பச் சொல்லும் கம்பெனிகளின் வியாபாரம் இந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது. ஆனால் 2020-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், அச்சு அசலான இரட்டையரின் சர்க்கரைகூட ஒரே சாப்பாட்டுக்கு வேறுவேறாக ஏறியது. ஆளுக்கு ஆள் சர்க்கரை ஏறுவதில் உள்ள வேறுபாட்டில், இதுவரை அறியப்பட்ட மரபணு மாற்றங்களால் விளக்க முடிந்தது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு கவனித்தது. மரபணுவுக்குப் பொருத்தமான உணவைத் தின்றவர்களுக்குக் கூடுதலாக எடை குறையவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் எச்சில் குப்பிக்குக் கொடுக்கிற காசு தண்டம் என்பதே என் கட்சி.

மருந்தின் கதை வேறு. சிறு வயதிலேயே சர்க்கரை வந்து, 'டைப் 1' என்று முத்திரை விழுந்து, தினமும் ஊசி போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு இருப்பது 'மோடி' எனப்படும் ஒற்றை மரபணுக் கோளாறு. ஒல்லியான உடம்பு, தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறை தவறாத சர்க்கரை ஆகியவை அதன் அடையாளங்கள். மரபணுச் சோதனையில் அதில் குறிப்பிட்ட ஒரு வகை என்று உறுதியானால், பலருக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு மலிவான சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாறலாம். சென்னையில் டாக்டர் வி.மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி மையம் இந்தச் சோதனையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்த கைக்குழந்தைகள் சிலரையும் இப்படி ஊசியிலிருந்து விடுவிக்க முடிந்திருக்கிறது.

கடற்கரைக்குத் தெரிந்த மலேரியாவிலும் இதே கதைதான். திரும்பத் திரும்ப வரும் வைவாக்ஸ் வகைக்கு 14 நாள் ப்ரைமாகுயின் கொடுப்பார்கள். ஜி6பிடி நொதி குறைவாக உள்ளவருக்கு அதே மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, சிறுநீரைக் கடுங்காப்பி நிறமாக்கிவிடும். மாத்திரைக்கு முன் ஒரு சின்ன ரத்தச் சோதனை போதும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி உள்ளிட்டோர் 2009-ல் சொன்னது இன்னும் பெரிது: இதயத் தசைப் புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு குறை, இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் உண்டு, வயதாக ஆக அது இதயத்தைத் தளரவைக்கலாம். உலக மரபணுத் தகவல் பெரும்பாலும் ஐரோப்பியருடையது என்பதால், இதுபோன்றவற்றை நம்மவர்களிடம்தான் தேட வேண்டும். 83 மக்கள் குழுக்களில் சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்த 'ஜீனோம் இந்தியா' தரவு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

சென்சார், செயலி வகையறாவில் எனக்கொரு குறை. அவை ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவரை மனதில் வைத்துச் செய்தவை. விடியுமுன் உப்பளத்தில் இறங்கி, கால் வெடிக்க உப்பு வாரும் பெண்ணின் உடம்பு அவற்றுக்குப் புரியாது. தமிழக உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகத்தை ஆராய்ந்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா குழு 2023-ல் எழுதியது வெயிலையும் தண்ணீரையும் கழிவறை இல்லாமையையும் பற்றித்தான்.

இன்னொன்று. நீங்கள் ஒப்புதல் கொடுத்து அனுப்பும் எச்சிலில் உங்கள் தம்பியின் விவரமும் பாதி இருக்கிறது. தாய்மாமன் மகளைக் கட்டும் ஊரில், மாமனார் வீட்டு விவரமும் சேர்ந்தே போகிறது. படிவத்தில் கையெழுத்துப் போடும் இடம் என்னவோ ஒன்றுதான்.