கதவு நிலையின் அடியில் நுழையும் வாள்

பழைய சீமெந்துத் தரையின் மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் உயர்ந்துவிடும். கதவென்றால் கழற்றி அடியில் சீவலாம். சுவருக்குள் பதிந்து நிற்கும் மர நிலையை என்ன செய்வது? கைவாளைத் தரையோடு படுக்கவைத்தால் பிடி தரையில் இடிக்கும். கிரைண்டரின் தட்டு வட்டமானது. அதன் விளிம்பு மூலைக்குள் போய்ச் சேராது. அதனால் நிலையின் காலைச் சுற்றி டைலை வளைத்து வெட்டி, மீதி இடைவெளியை வெள்ளைச் சீமெந்தால் அடைத்துவிடுகிறார்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நம் கரையோரத்தில் பல வீடுகளின் கதவடியில் அந்த வெள்ளைப் பூச்சைக் காணலாம். தரை கழுவும் தண்ணீர் அந்த வெடிப்பில் இறங்கித் தங்க, நிலையின் கால் உக்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.

இந்த வேலைக்கு ஏற்ற கருவி ஒன்று இருக்கிறது. மல்ட்டி டூல் என்று கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கைக்குள் அடங்கும் உடம்பு, முனையில் உளி போலத் தட்டையான ஒரு பிளேட். அந்த பிளேட் சுழலாது. இடமும் வலமும் மிக வேகமாக அசையும். டைல் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, அதன் மேல் பிளேடைப் படுக்கவைத்து நிலையின் காலை அரிந்தால், புது டைல் அடியில் அப்படியே நுழைந்துகொள்ளும். அடைப்பே தேவையில்லை.

நம் பக்கத்தில் இப்படியான வேலைக்குக் குறைவில்லை. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்து வைக்கிறோம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். தாய் வீட்டின் பின்னால் ஓர் அறை, இளையவளுக்கு மேல் மாடி என்று ஒரே வளவுக்குள் வீடு வளர்ந்துகொண்டே போகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளிலும் இப்போது திருத்த வேலைகள் வந்துவிட்டன. இவையெல்லாம் ஆட்கள் குடியிருக்கும்போதே நடக்கின்றன. ஒரு பக்கம் தொட்டில் ஆடும், மறுபக்கம் கிரைண்டர் தூசி கிளப்பும். தூசியையும் சேதத்தையும் குறைக்கிற எந்தக் கருவியும் இந்த ஊர்களுக்குத் தேவையானது.

மல்ட்டி டூலின் தொடக்கம் வைத்தியசாலை. எலும்பு முறிவுக்குப் போட்ட பிளாஸ்டர் கட்டைத் தோலில் காயமில்லாமல் வெட்டி எடுப்பதற்காக, அமெரிக்க எலும்பு வைத்தியர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் அசையும் வாள் ஒன்றை உருவாக்கி 1947இல் காப்புரிமை பெற்றார். ஜேர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967இல் இதே தேவைக்குத் தன் கருவியைச் செய்தது. 1895இல் கையில் பிடிக்கும் முதல் மின் ட்ரில்லைச் செய்த நிறுவனமும் அதுதான். பிறகு வாகனக் கண்ணாடியின் பசையை அறுக்க, மரத்தைத் தேய்த்து மழமழப்பாக்க என்று அந்தக் கருவி பட்டறைக்குள் வந்தது. 2008ஐ ஒட்டிக் காப்புரிமை முடிவடைய, மற்ற நிறுவனங்களும் செய்யத் தொடங்கின. விலையும் சாதாரண வீட்டுக்காரருக்கு எட்டியது.

பிளாஸ்டர் கட்டு கெட்டியானது, அசையாது. பல் அதை உரசி அறுத்துவிடும். தோல் இளகியது, சில மில்லிமீற்றர் அசைவுக்குப் பிளேடோடு சேர்ந்து தானும் அசைந்து தப்பிக்கொள்ளும். ஆனால் மரம் அரியும் பிளேடில் பல் கூர்மை, அசைவும் கூட. அது விரலை நிச்சயம் வெட்டும். வைத்தியசாலை வாளை நினைத்துக்கொண்டு இதைக் கையில் வைத்துச் சோதிக்கவே கூடாது.

உள்ளே நடப்பது எளிமையானது. மோட்டார் தண்டின் நுனியில், மையத்தை விட்டுச் சற்று விலகிய பெயரிங் ஒன்று இருக்கிறது. அதை ஒரு கவை கவ்விப் பிடித்திருக்கும். தண்டு சுற்றச் சுற்றக் கவை இடம் வலமாக ஆடும். அந்த ஆட்டம் பிளேடுக்குப் போகிறது. நிமிடத்துக்கு 20,000 அசைவு என்றால் ஒரு செக்கனில் 333. ஆட்டத்தின் மொத்தக் கோணம் 3 பாகை, பிளேடின் நுனி மையத்திலிருந்து 8 சென்ரிமீற்றர் தள்ளி என்று வைத்தால், பல் ஒவ்வொரு முறையும் நகர்வது ஏறக்குறைய 4 மில்லிமீற்றர்தான். போய்வரும் தூரத்தைக் கூட்டினால் செக்கனுக்கு 3 மீற்றருக்கும் குறைவு. நிமிடத்துக்கு 11,000 தரம் சுற்றும் நாலு அங்குலக் கிரைண்டர் தட்டின் விளிம்பு செக்கனுக்கு 58 மீற்றர் ஓடுகிறது. அது மரத்தில் சிக்கினால் கருவியே ஆளை நோக்கித் துள்ளும். மல்ட்டி டூல் ஒரு திசையில் வேகம் பிடிப்பதற்குள் மறு திசைக்குத் திரும்பிவிடுவதால் அப்படித் துள்ளுவதில்லை. இதற்கு விலையாக வேகத்தை இழக்கிறோம்: நீளமான பலகையை இதனால் அரியப் போனால் பொழுது போய்விடும்.

வாங்கப் போகும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சின்ன எழுத்தில் இருக்கும் கோணத்தைத் தேடுங்கள். 3 பாகை ஆடும் கருவியின் பல் 4 மில்லிமீற்றர் நகரும் இடத்தில், 5 பாகைக் கருவியின் பல் 7 மில்லிமீற்றர் நகரும். நிலை அரியவும் பலகை வெட்டவும் கூடிய கோணம் நல்லது. டைல்ஸ் இடுக்குச் சுரண்டவும் மரம் தேய்க்கவும் மட்டுமென்றால் குறைந்த கோணம் கைக்கு இதமாயிருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஆணியையும் இரும்பையும் முழு வேகத்தில் அறுத்தால் பல் சூடேறி எரிந்துவிடும்.

அதிர்வையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, 8 மணி நேர வேலைக்குக் கை தாங்கும் அதிர்வு 2.5 அலகைத் (m/s²) தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 அலகு உச்ச வரம்பு. வருடத்தில் ஓரிரு நாள் வேலை செய்யும் வீட்டுக்காரருக்கு இது பெரிதல்ல. தினமும் இதையே பிடிக்கும் பாஸ்மாருக்கு விரல் விறைப்பு வருகிற விஷயம். அவர்கள் மோட்டாரை உடம்பிலிருந்து ரப்பரால் பிரித்து வைத்த வகையை, கூடுதல் விலை கொடுத்தாவது வாங்க வேண்டும்.

பிளேட் மாட்டும் முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பொஷ், ஃபைன் இரண்டும் சேர்ந்து 2016இல் ஸ்டார்லொக் என்ற முறையைக் கொண்டுவந்தன. பழைய பல துளை முறையும் சந்தையில் இருக்கிறது. உங்கள் ஊர் ஹாட்வெயார் கடையில் எந்த பிளேட் எப்போதும் கிடைக்கிறதோ, அதற்கேற்ற கருவியை வாங்குவதே புத்தி. பிளேடைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். நம் நிலைகள் பெரும்பாலும் முதிரை, பாலை போன்ற வைரம் பாய்ந்த மரங்கள். பெட்டியோடு வரும் சாதாரண உருக்கு பிளேட் அவற்றில் விரைவில் மழுங்கும். பழைய ஆணி ஒன்று குறுக்கிட்டால் அந்த இடத்திலேயே முடிந்தது. இரட்டை உலோக பிளேட், அதைவிடக் கடினமான காபைட் பல் பிளேட், இவற்றுக்குக் காசு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கருவியைத் தேர்வு செய்யுங்கள். கடற்காற்றில் துருவேறாமல் இருக்க எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பதும் அவசியம்.

வளைகுடாவிலிருந்து வரும் தம்பிமாரிடம் சொல்லி அனுப்புவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும். சவுதியில் பழைய வீடுகளில் 110, 127 வோல்ட் இணைப்பும் உண்டு. அதற்கென்று செய்த கருவியை இங்கே 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். பற்றரிக் கருவியில் “20 வோல்ட்” என்றும் “18 வோல்ட்” என்றும் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றே: 3.6 வோல்ட் செல் ஐந்தைத் தொடராக இணைத்தால் 18, நிறைய சார்ஜ் ஏற்றியவுடன் 20. உள்ளே அதே ஐந்து செல் தொடரை வைத்துக்கொண்டு வெளியே 48, 88 என்று ஒட்டி விற்பதை நம்பாதீர்கள். மூன்றாவது, விமானத்தில் கருவி பெரிய பெட்டிக்குள் போகலாம்; தனியே கழற்றிய லித்தியம் பற்றரி கைப்பையில்தான் வர வேண்டும்.

சுவரை வெட்டுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், உள்ளே வயர் எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. டைல்ஸ், சீமெந்துத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலை அரிக்கும். வாயில் கட்டும் துணி அதைத் தடுக்காது, என்95 முகக்கவசம் வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டில் மட்டும் இந்தக் கருவியை வைக்கவே வேண்டாம். இலங்கை 1987இல் நீல அஸ்பெஸ்டஸைத் தடை செய்தது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் தகடு இன்றும் நம் கூரைகளில் இருக்கிறது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் நார் கண்ணுக்குத் தெரியாது. நோய் இருபது, முப்பது வருடம் கழித்தும் வரும். பெருநாளைக்கு முன் கூரையைத் திருத்த நினைத்திருப்போர் தகட்டை வெட்டாமல், தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி முழுத் தகடாக இறக்குங்கள். அந்த நேரம் பிள்ளைகளை வளவுக்குள் வைத்திருக்காதீர்கள்.